மனசாரச் செய்த பிழை

அந்த ஆண்டு சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வில், வாதப் பிழையைக் கண்டுபிடிக்கும் பகுதியில் பெரும்பாலோர் முழு மதிப்பெண் வாங்கியிருந்தார்கள். தேர்வு மையத்தில் அதற்காக யாரும் இனிப்பு வழங்கவில்லை. எல்லாரும் தேறுகிற கேள்வி யாரையும் பிரித்துக் காட்டாது. பிரித்துக் காட்டாத கேள்வியால் தேர்வுக்குப் பயனில்லை.

அந்தப் பகுதிக்குப் பொறுப்பாக இருந்தவள் நறுமுகை. முப்பத்தாறு வயது. தப்பான வாதங்களை உருவாக்குவதுதான் அவள் உத்தியோகம். படித்தவுடன் சரி என்று தோன்ற வேண்டும். உள்ளே ஓர் இடத்தில் மட்டும் கண்ணி விட்டுப் போயிருக்க வேண்டும். அந்த இடத்தை மாணவன் தொட்டுக் காட்ட வேண்டும். சில ஆண்டுகளாக அந்த வாதங்களை இயந்திரமே எழுதிக் கொடுத்தது. அவள் சரிபார்த்து அனுப்பினாள்.

மேலதிகாரி திருமேனி அவளைத் தன் அறைக்கு அழைத்தார்.

"பசங்க படிச்சுப் பாத்து எழுதல நறுமுகை. மோந்து பாத்து எழுதறாங்க. மெஷின் செய்யற பிழை பிளாஸ்டிக் பூ மாதிரி. தூரத்துலயே தெரிஞ்சுடுது."

"நானே எழுதிப் பாக்கட்டுமா சார்?"

"போன வருஷம் எழுதினீங்களே."

எழுதியிருந்தாள். அவையும் பிளாஸ்டிக்காகத்தான் இருந்தன.

காரணம் அவர்கள் இருவர் காதுக்குப் பின்னாலும் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு புளியங்கொட்டை அளவு இருக்கும். துணை என்று அதற்குப் பெயர். அது வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. பொய் சொன்னால் அது கண்டுகொள்ளாது. ஆனால் சொல்லும் காரணத்துக்கும் வரும் முடிவுக்கும் ஒட்டு இல்லையென்றால், வாக்கியம் வாயை விட்டு வெளியே வருவதற்கு முன்பே காதுக்குப் பின்னால் மெல்ல அழுத்தும். வலிக்காது. யாரோ விரல் வைத்து "இரு" என்று சொல்வது போல இருக்கும். மக்கள் முதலில் அதைப் பங்குச் சந்தைக்கும் வியாபாரத்துக்கும் போட்டார்கள். பிறகு பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் போட்டார்கள். அதன்பின் கழற்றவே இல்லை. தொலைக்காட்சி விவாதங்கள் நின்றுபோயின. வீடுகளில் சண்டை குறைந்தது. துக்க வீடுகளில்தான் பேச்சே இல்லாமல் போயிற்று. ஆறுதலாகச் சொல்லும் வார்த்தைகளில் காரணத்துக்கும் முடிவுக்கும் அநேகமாக ஒட்டு இருப்பதில்லை. வந்தவர்கள் கையைப் பிடித்து நின்றுவிட்டுப் போனார்கள்.

"கோர்ட்ல வக்கீலும் ஜட்ஜும் துணை போடக் கூடாதுன்னு சட்டம்," என்றார் திருமேனி. "பரீட்சை ஹால்லயும் கழட்ட வைக்கறோம். எதுக்கு? சாட்சிக் கூண்டுல ஒருத்தன் நின்னு அழுதுக்கிட்டே தப்பான ஒரு காரணத்தைச் சொல்வான். அவன் அதை நம்பித்தான் சொல்வான். அதைக் கேட்டு, இது தப்புன்னு தானா தெரிஞ்சுக்கற ஆள் வேணும். இந்தக் காலத்துப் பிள்ளைங்க, ஒரு மனுஷன் மனசாரத் தப்பாப் பேசிக் கேட்டதே இல்ல."

"அப்படிப் பேசறவங்க எங்க சார் இருக்காங்க?"

"துணை போடாதவங்க கொஞ்சம் பேர் இருக்காங்க. போய்த் தேடுங்க. அவங்க பேசறதைப் பதிவு பண்ணுங்க. நமக்குத் தேவை அவங்க தப்பு மட்டும்தான்."

*

அப்படித்தான் அவள் சென்னையிலிருந்து பாளையங்கோட்டைக்குப் போனாள். சமாதானபுரத்தில் ஒரு மாடிப் போர்ஷனில் எபனேசர் தனியாக இருந்தார். அறுபத்தெட்டு வயது. லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி எமிலி இறந்து பதினோரு வருஷம் ஆகியிருந்தது. ஒரே மகன் கனடாவில் இருந்தான்.

"நான் போட்டுப் பாத்தேம்மா," என்றார் துணையைப் பற்றி. "போட்ட ரெண்டாம் நாள் தலை கிறுகிறுன்னு சுத்திட்டு. எனக்குக் காதுல ஏதோ நெலகுலைவு இருக்காம். டாக்டர் வேண்டாம்னுட்டாரு. மகனுக்குத்தான் வருத்தம். வாரா வாரம் கூப்பிடுவான். அவன் பேசுததுல ஒரு குத்தம் சொல்ல முடியாது, பாத்துக்கிடுங்க. அதுனாலயே சீக்கிரம் பேச்சு முடிஞ்சிரும்."

அவள் சட்டையில் குத்தும் சிறு பதிவுக் கருவியை எடுத்து மேசையில் வைத்தாள். வீட்டிலும் கடையிலும் எப்போதும் போலப் பேசினால் போதும் என்றாள். சட்டம் படிக்க வருகிறவர்களுக்கான தேர்வுக்கு, மனிதர்கள் இயல்பாக எப்படி வாதிடுகிறார்கள் என்று பார்க்க வேண்டியிருக்கிறது என்றாள். இந்த வாக்கியத்தில் பிழை எதுவும் இல்லை. காதுக்குப் பின்னால் அழுத்தம் வரவில்லை.

"நான் பேசுததை யாராச்சும் கேப்பாங்களா?" என்றார் எபனேசர்.

"நான் கேப்பேன் சார். தினமும் காலையில முந்தின நாள் பதிவு எனக்கு வந்துடும்."

"முழுசாவா?"

"முழுசா."

கருவியை எடுத்துச் சட்டைப் பைக்கு மேலே அவரே குத்திக்கொண்டார். நேராக இருக்கிறதா என்று கண்ணாடியில் பார்த்தார்.

*

காலையில் அலுவலகத்துக்கு வந்ததும் ஹெட்போனை மாட்டிக்கொள்வது அவளுக்கு வழக்கமாயிற்று. பதிலுக்கு அவள் பேசக் கூடாது என்பது விதி. அவள் பேச ஆரம்பித்தால் அவர் பேச்சு மாறிவிடும். ஆனால் அவர் பேசாமல் இல்லை.

"நறுமுகையம்மா, காலை வணக்கம்," என்று தொடங்குவார். "நாளைக்கு மெட்ராஸ்ல மழைன்னு நியூஸ்ல சொன்னான். நீங்க குடை எடுத்துட்டுத்தான் போயிருப்பீங்க. ஏன்னா, இம்புட்டு நல்ல பேரு வச்ச வீட்டுல பிள்ளையை வெவரமாத்தான் வளத்திருப்பாங்க."

அவள் அப்போது நனைந்த துப்பட்டாவை நாற்காலியில் உலர்த்திவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

ஹெட்போனில் தெருவும் வந்தது, எலெக்ட்ரிக் கடையும் வந்தது. "இந்தக் கடையில வாங்குன பல்பு மூணு வருஷமா எரியுது. கடைக்காரர் நேர்மையான ஆளு. அவரு மகனுக்குப் பொண்ணு குடுக்கலாம்." கீழ் வீட்டுக்காரரிடம் ஒரு நாள் லிஃப்டைப் பற்றி விளக்கினார்: "லிஃப்ட் வரலைன்னா எல்லாரும் பட்டனைத் திரும்பத் திரும்ப அமுக்குவாங்க. கொஞ்ச நேரத்துல வந்துரும். அமுக்குததுனால வராதுன்னு எங்களுக்குப் படிச்சுக் குடுத்தாங்க. ஆனா நானும் அமுக்குவேன். மெக்கானிக்கே அமுக்குதான்னா அதுல ஏதோ இருக்கத்தானே செய்யும்?" கீழ் வீட்டுக்காரர் விடைபெற்றுக் கிளம்பிவிட்டார். அவர் துணை போட்டவர்.

நறுமுகை சிரித்துவிட்டாள். பக்கத்து மேசைக்காரி நிமிர்ந்து பார்த்தாள். அந்த மாடியில் யாரும் தனியாகச் சிரித்து வெகுகாலம் ஆகியிருந்தது.

அவளும் தனியாகத்தான் இருந்தாள். திருமணமாகி ஆறு வருஷம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், அவளும் கணவன் இளம்பரிதியும் சோபாவில் எதிரெதிரே உட்கார்ந்து பேசினார்கள். யார் மீதும் தவறில்லை. அவன் வேலை ஓர் ஊரில், அவள் வேலை ஓர் ஊரில். இருவருக்கும் குழந்தை வேண்டுமென்ற எண்ணம் இல்லை. சேர்ந்திருப்பதால் இருவருக்கும் கிடைப்பது குறைந்துகொண்டே வந்தது. இந்தக் காரணங்களிலிருந்து ஒரே ஒரு முடிவுதான் வந்தது. இருவரும் ஒப்புக்கொண்டார்கள். சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே அவன் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். "போகாதே" என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். அதற்குப் பின்னால் வைக்க ஒரு காரணம் அகப்படவில்லை. காதுக்குப் பின்னால் விரல் அழுத்திற்று. வாயை மூடிக்கொண்டாள்.

எபனேசருக்கு அந்த விரல் இல்லை. அவர் வாயில் வந்ததைச் சொன்னார். "எமிலி போட்ட முருங்கைக்கீரைத் தொவட்டல் மாதிரி எவளும் போட முடியாது. நான் வேற யாரு வீட்டுலயும் தின்னதில்ல, இருந்தாலும் சொல்லுதேன்." நறுமுகை இதைப் பிழை என்று குறித்துக்கொண்டாள். குறித்த பிறகு இன்னொரு தடவை ஓடவிட்டுக் கேட்டாள்.

அவர் பேச்சிலிருந்து எடுத்து, பெயரும் இடமும் மாற்றி, அவள் கேள்விகள் அமைத்தாள். சோதனைக்காக ஒரு கல்லூரியில் கொடுத்துப் பார்த்தார்கள். பாதிப் பேர் வழுக்கி விழுந்தார்கள். பிழையை அவர்களால் பார்க்க முடியவில்லை. பேசுகிற மனிதனைத்தான் பார்த்தார்கள். அவன் பக்கம் சாய்ந்துவிட்டார்கள்.

திருமேனி அவள் மேசைக்கே வந்து கைகொடுத்தார்.

*

எமிலியின் பிறந்த நாளன்று எபனேசர் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்விட்டு, மதியம் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும் சத்தம் பதிவில் கேட்டது. நாற்காலி இழுபட்டது. மின்விசிறி சுழலத் தொடங்கியது.

"நறுமுகையம்மா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். மகன்கிட்ட கூட இதைச் சொன்னதில்ல," என்று தொடங்கினார்.

"எமிலியை ஆஸ்பத்திரியில சேத்திருந்தோம். நுரையீரல்ல நீரு. நான் பக்கத்துல ஸ்டூலைப் போட்டு உக்காந்துட்டேன். எந்திரிக்கவே இல்ல. டாக்டரு வருவாரு, 'கஷ்டம்தான், இன்னைக்குத் தாண்டாது'ம்பாரு. தாண்டும். மறுநாளும் அதையே சொல்லுவாரு. தாண்டும். நான் கையைப் புடிச்சிட்டே இருப்பேன். ஒரு நாள் சாயங்காலம் தலைவலி தாங்கல. நர்ஸு பிள்ளை சொல்லுது, 'தாத்தா, கீழ போயி ஒரு டீ குடிச்சிட்டு வாங்க, நான் பாத்துக்கிடுதேன்'னு. எறங்கினேன். டீயில பாதிகூடக் குடிக்கல. மேல வாரேன், தெரையை இழுத்து விட்டுட்டாங்க."

விசிறிச் சத்தம்.

"நான் இருந்த நாளெல்லாம் அவ இருந்தா. நான் எந்திரிச்சேன், போயிட்டா. நான் டீ குடிக்கப் போகாம இருந்திருந்தா, அவ போயிருக்க மாட்டா. இதுக்கு மேல என்னம்மா சாட்சி வேணும்?"

நறுமுகை ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தாள். அன்றைய பதிவில் குறிப்பெடுக்க எதுவும் இல்லை என்று எழுதினாள். ஆனால் பதிவுகளை அவள் மட்டும் பார்ப்பதில்லை. இயந்திரமும் பார்த்தது. மறுநாள் திருமேனி கூப்பிட்டார்.

"இதை விட்டுட்டீங்களே," என்றார். "இருபது வருஷ சர்வீஸ்ல இவ்வளவு சுத்தமான பிழையை நான் பாத்ததில்ல. ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணு நடந்தா, முதல்ல நடந்ததுதான் காரணம்னு எடுத்துக்கறது. பாடப் புத்தகத்துல முதல் பக்கத்துல இருக்கற பிழை. ஆனா கேக்கும்போது கண்டுபிடிக்க முடியல. எனக்கே ஒரு நிமிஷம் ஆச்சு."

"அவர் அதைத் தேர்வுக்காகச் சொல்லல சார்."

"எல்லாமே அப்படித்தானே? ஒப்பந்தத்துல சம்மதிச்சிருக்கார். பேரை மாத்துங்க. ஊரை மாத்துங்க. மனைவியை அக்கா ஆக்குங்க. உலகத்துல யாருக்குத் தெரியப் போகுது?"

"அவருக்குத் தெரியும்."

"அவர் சட்டக் கல்லூரித் தேர்வு எழுதப் போறாரா?" திருமேனி கடுமையாகப் பேசவில்லை. அவர் கடுமையானவரும் இல்லை. "நறுமுகை, நாளைக்கு இந்தப் பிள்ளைங்கள்ல ஒருத்தி நீதிபதியா உக்காருவா. அவ முன்னாடி ஒரு நிரபராதி நின்னு, 'நான்தான் காரணம்'னு அழுவான். அதை அவ அப்படியே எடுத்துக்கக் கூடாது. அதுக்குத்தான் இது."

இந்த வாதத்தில் பிழை இல்லை. அவள் தேடிப் பார்த்தாள். நீங்கள் எழுதாவிட்டால் வேறு ஒருவர் எழுதுவார் என்றும் அவர் சொன்னார். அதிலும் பிழை இல்லை.

அவளே எழுதினாள். மனைவியைத் தமக்கை ஆக்கினாள். பாளையங்கோட்டையை ஒரு மலையூர் ஆக்கினாள். டீயையும் மாற்றிப் பார்த்தாள். மருந்து வாங்கப் போனார், ஃபோன் பேசப் போனார் என்றெல்லாம் எழுதினாள். அப்படி எழுதியபோது கேள்வி உயிரற்றுக் கிடந்தது. அவர் தனக்காக, தன் தலைவலிக்காக எழுந்து போனார் என்பதில்தான் அந்தப் பிழை வேர்பிடித்திருந்தது. டீ அப்படியே இருந்துவிட்டது.

*

தேர்வு முடிந்தது. வழக்கம்போல வினாத்தாளை வெளியிட்டார்கள். அந்தக் கேள்விக்குச் சரியாக விடை எழுதியவர்கள் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. மதிப்பெண் போன கோபத்தில் பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். ஏதாவது கெட்டுப்போனால், "எவன்டா டீ குடிக்கப் போனது?" என்பது கல்லூரிகளில் பேச்சாயிற்று. கேள்வியாகக் கேட்டதால் துணை அழுத்தவில்லை. பேருந்து தாமதமானாலும் அதையே சொன்னார்கள், கிரிக்கெட்டில் தோற்றாலும் அதையே சொன்னார்கள். காரணத்தோடு ஒட்டாத ஒரு வாக்கியத்தை விளையாட்டுக்காகச் சொல்வது அவர்களுக்குப் புதுமையாக இருந்தது. தேநீர்க் கடைச் சுவரில்கூட யாரோ எழுதி வைத்திருந்ததை நறுமுகை பார்த்தாள்.

ஒரு திங்கட்கிழமை காலை ஹெட்போனில் "நறுமுகையம்மா" என்ற குரல் வரவில்லை. பாத்திரம் கழுவும் சத்தம், குக்கர் விசில், கதவு. அடுத்த நாளும் அப்படியே. கருவியை அவர் சமையலறையில் எங்கோ வைத்துவிட்டார் என்று புரிந்தது. ஒரு வாரம் அவள் குழாய்ச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு சொல் விடாமல் கேட்பதாக அவரிடம் சொல்லியிருந்ததால், சத்தங்களையும் முழுசாகக் கேட்டாள். பிறகு கருவியின் மின்சாரம் தீர்ந்து அதுவும் நின்றது.

விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு ரயில் ஏறினாள்.

*

"வாங்கம்மா," என்று கதவைத் திறந்தார் எபனேசர். மெலிந்திருந்தார். உள்ளே மேசையில் அந்த ஆண்டின் வினாத்தாள் கிடந்தது. பக்கத்தில் முந்தைய ஆண்டுகளின் தாள்களும், விளக்கப் புத்தகம் ஒன்றும், பென்சிலும் இருந்தன.

"கோயில்ல ஆராதனை முடிஞ்சு வெளியே நிக்கேன்," என்றார். "வாலிபப் பிள்ளைங்க ரெண்டு பேரு பேசிச் சிரிக்குதுங்க. டீ குடிக்கப் போனவன்னு. எனக்கு வெளங்கல. என்னன்னு கேட்டேன். நல்ல பிள்ளைங்க. மொபைல்ல எடுத்து முழுசையும் வாசிச்சுக் காட்டுச்சுங்க."

"சார், நான்..."

"உக்காருங்க மொதல்ல."

அவள் உட்கார்ந்தாள். மன்னிப்புக் கேட்டாள். ஒப்பந்தத்தைப் பற்றியோ நீதிபதியாகப் போகும் பெண்ணைப் பற்றியோ எதுவும் சொல்லவில்லை. அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

"கோவம் இருந்துச்சு. இல்லைன்னு சொல்ல மாட்டேன்," என்றார். "பொறவு நெனச்சேன், இம்புட்டுப் பேரு உக்காந்து யோசிச்ச விஷயத்தை நான் ஒரு தடவையாச்சும் யோசிச்சேனான்னு. கடையில போயி இதெல்லாம் வாங்கிட்டு வந்தேன். மொத தாள்ல பூரா தப்பு. இப்பம் பரவால்ல. முக்காவாசி சரியா வருது." வினாத்தாளைப் புரட்டி அவள் முன்னால் வைத்தார். "இதுக்குச் சரியான விடை என்னன்னு நீங்களே ஒங்க வாயால சொல்லுங்க."

"ஒண்ணு முன்னாடி நடந்ததுங்கறதால, அடுத்து நடந்ததுக்கு அதுதான் காரணம்னு சொல்ல முடியாது."

"அப்பம், என்னால இல்ல."

"உங்களால இல்ல சார்."

"நான் ஸ்டூல்ல உக்காந்திருந்தாலும் அவ அந்த நேரத்துக்குப் போயிருப்பா."

"போயிருப்பாங்க."

எபனேசர் சன்னல் பக்கம் பார்த்தார்.

"நல்ல செய்திதான். பதினோரு வருஷமா மனசுல கெடந்த கல்லு," என்றார். "ஆனா இந்தக் கல்லைத் தூக்கிட்டா அதுக்கு அடியில இன்னொண்ணு இருக்கும்மா. என்னால போனான்னா, என்னாலதான் அதுவரைக்கும் இருந்தான்னு அர்த்தம். டாக்டரு தாண்டாதுன்ன நாளெல்லாம் நான் கையைப் புடிச்சிருந்ததுனால தாண்டினா. அப்பிடித்தான் நான் நெனச்சுக்கிட்டேன். இப்பம் நீங்க சொல்லுததைப் பாத்தா, நான் புடிச்சதுக்கும் அவ இருந்ததுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. நான் இருந்தாலும் ஒண்ணுதான், போனாலும் ஒண்ணுதான். ஸ்டூல்ல ஒரு பையை வச்சிட்டுப் போயிருந்தாலும் ஒண்ணுதான்."

நறுமுகை பதில் தேடினாள். அவர் சொன்னதில் பிழை எங்கே என்று அவளுடைய பழகின மனம் தானாக ஓடிப் பார்த்தது. இல்லை. அவர் முன்னால் செய்த பிழையை விட்டதும், பாக்கியெல்லாம் ஒழுங்காக ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்திருந்தன.

"அதுனாலதான் பேச்சு நின்னுபோச்சு," என்றார் அவர். "ஒங்க மேல கோவத்துல இல்ல. பேச வாயெடுத்தா, இது எதுலேருந்து வருதுன்னு மனசு கேக்குது. கேட்டா, பேச ஒண்ணும் மிஞ்ச மாட்டேங்குது. மகன் போன ஞாயித்துக்கெழமை கூப்பிட்டான். 'அப்பா, நீங்க இப்ப ரொம்பத் தெளிவாப் பேசறீங்க'ன்னான். சீக்கிரமே வச்சிட்டோம்."

எழுந்து உள்ளே போனார். செய்தித்தாளில் பொதிந்த கருவியைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தார். வேண்டாம் என்றார். அவள் அதை வாங்கிப் பைக்குள் போட்டாள். இனி இந்த வீட்டுக்கு வர அவளுக்குக் காரணம் ஏதும் இல்லை. விடைபெற்றுக்கொண்டு எழுந்திருக்க வேண்டிய இடம் அது. அவர் திரும்பப் போய் உட்கார்ந்து, மேசையிலிருந்த தாள்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினார். முனைகளைத் தட்டிச் சரிசெய்தார். அந்த வீட்டில் வேறு செய்வதற்கு எதுவும் இல்லாதது போல மறுபடியும் தட்டினார்.

அவளுக்கு ஒன்று சொல்லத் தோன்றியது. காதுக்குப் பின்னால் உடனே விரல் அழுத்திற்று. இதுவரை வராத அளவுக்கு அழுத்தமாக வந்தது. அவள் கையைக் கொண்டுபோய் நகத்தால் நெம்பித் துணையை எடுத்தாள். எடுத்த இடம் சில்லென்றிருந்தது. அதை மேசையில் வைத்தாள்.

"சார்," என்றாள். குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "நீங்க டீ குடிக்கப் போனதால அவங்க போகல. அவங்க போகணும்னு ரொம்ப நாளாவே இருந்திருக்கு. நீங்க கையைப் பிடிச்சுக்கிட்டு இருக்கும்போது எழுந்து போக அவங்களுக்கு மனசு வரல. அதனாலதான் டாக்டர் சொன்ன நாளையெல்லாம் தாண்டினாங்க. உங்களுக்குத் தலைவலி வந்ததைப் பாத்திருப்பாங்க. இவர் கொஞ்சம் ஓய்வெடுக்கட்டும்னு நினைச்சிருப்பாங்க. நீங்க கீழே இறங்கிற வரைக்கும் காத்திருந்து, நீங்க பாக்காத நேரத்துல போயிருக்காங்க. நீங்க பாத்தா தாங்க மாட்டீங்கன்னு அவங்களுக்குத் தெரியும்."

எபனேசர் தாள்களிலிருந்து கையை எடுத்தார். அவள் முகத்தைப் பார்த்தார். பதிவுக் கருவி இல்லாமல், விதி இல்லாமல், அவள் மனதில் பட்டதைச் சொல்லி அவர் கேட்பது அதுதான் முதல் தடவை.

அவர் உதடு அசைந்தது. புத்தகத்தில் படித்ததை நினைவுபடுத்திக்கொள்கிறவர் போலப் புருவத்தைச் சுருக்கினார்.

"அவ மனசுல என்ன இருந்துச்சுன்னு ஒங்களுக்குத் தெரிய வழி இல்ல," என்றார் மெதுவாக. "ஆதாரம் இல்லாத அனுமானம். அது ஒண்ணு. பொறவு, நான் எறங்கினதுக்கும் அவ போனதுக்கும் மறுபடியும் முடிச்சுப் போடுதீங்க. என் பிழையவே வேற பக்கமா திருப்பி வச்சிருக்கீங்க. அது ரெண்டு."

"ஆமா சார்," என்றாள் நறுமுகை. "ரெண்டும் சரி."

"துணையைக் கழட்டிட்டுச் சொல்லுதீங்க. தப்புன்னு தெரிஞ்சேதான் சொல்லுதீங்க."

"ஆமா."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை, மடியில் வைத்துக்கொண்டார். முதுகை நாற்காலியில் சாய்த்தார். வெயில் சன்னலைத் தாண்டிச் சுவருக்குப் போயிருந்தது.

"தப்புதாம்மா," என்றார். "இன்னொரு தடவை சொல்லுங்க."

அவள் தன் நாற்காலியை அவர் பக்கமாக இழுத்துப் போட்டு, முதலிலிருந்து சொன்னாள்.